ஈரம் காயாத ஊரில் தும்மல் குறைய: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வந்த முதல் டிசம்பரில் தோல் பெல்ட்டைத் தேடி அலமாரியைத் திறந்தேன். பெல்ட் முழுக்க இளம்பச்சைப் பொடி. தட்டினால் பறந்தது. பக்கத்தில் தொங்கிய கோட்டிலும் அதே. நான் திருச்சிக்காரன். எங்கள் வீட்டு அலமாரியில் தூசி படியும், பல்லி முட்டையிடும். பெல்ட்டில் பூசணம் பூத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அதே மாதம்தான் மகனுக்கு விடிகாலைத் தும்மல் ஆரம்பித்தது. கண் விழித்ததும் வரிசையாகப் பத்து, பன்னிரண்டு. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. "புது ஊரு, தண்ணி மாறியிருக்கு, சரியாப் போயிடும்" என்றார் அம்மா போனில். நாங்களும் நம்பிக்கையோடு காலையும் மாலையும் வீட்டைப் பெருக்கித் தள்ளினோம். தும்மல் கூடியது.

பக்கத்து வீட்டு அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் நான் வாசலில் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஊருல கூட்டுற மாதிரியே கூட்டுறீங்க. இங்க கூட்டி ஒண்ணும் ஆவாது. காய வைக்கணும்."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம்தான். தொடங்குமுன் ஒன்று: இழுப்பு, இரவில் மூச்சுத்திணறல், வாரக்கணக்கில் நிற்காத மூக்கடைப்பு இருந்தால் முதலில் பாலிகிளினிக் எனப்படும் பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் கண்டுபிடிக்கலாம். நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது.

எதிரி யார்?

வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1964இல் எடுத்துக்காட்டினார்கள். டஸ்ட் மைட் என்கிற தூசிப்பூச்சி. நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தட்டுப்படாது. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. தும்ம வைப்பது பெரும்பாலும் அதன் எச்சம். செத்த பூச்சியின் உடல் துணுக்குகளும் சேரும். நம்மைப் போல அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. காற்று காய்ந்தால் அதுவும் காய்ந்து செத்துப்போகும். ஈரப்பதம் 70, 80 விழுக்காடு என்றால் அதற்குக் கல்யாண விருந்து.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஊரில் எப்போதாவது வரும் அடைமழை வாரத்தை ஆண்டு முழுக்க நீட்டினால் அதுதான் இந்த ஊர். ப்ளோமியா டிராபிகாலிஸ் என்ற வெப்பமண்டலத் தூசிப்பூச்சி இங்கே தனியாகவே கொடிகட்டிப் பறக்கிறது. பூசணமும் கரப்பானும் அதே ஈரத்தின் பங்காளிகள்.

படி 1: ஈரமானி ஒன்று வாங்குங்கள்

காற்றின் ஈரப்பதத்தை விழுக்காட்டில் காட்டும், உள்ளங்கை அளவுள்ள டிஜிட்டல் ஈரமானி பத்து வெள்ளிக்குள்ளேயே (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும். படுக்கையறையில் தலைமாட்டில் வையுங்கள்; ஜன்னலோரமோ ஏர்கானுக்கு நேர் கீழோ வேண்டாம். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் பாருங்கள். 60க்குக் கீழே இருந்தால் நல்லது. தூசிப்பூச்சி பெருகாமலிருக்க 50க்குக் கீழே வேண்டும், அதுவும் தொடர்ந்து. வெறும் மின்விசிறியை வைத்துக்கொண்டு அந்த எண்ணை இந்த ஊரில் பார்க்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு வீட்டையும் காய வைக்கிறேன் என்று இறங்காதீர்கள். நீங்கள் தூங்கும் அறை ஒன்றைக் காப்பாற்றினால் ஒரு நாளின் எட்டு மணி நேரம் தப்பித்தது.

படி 2: ஜன்னலைத் திறக்கும் நேரத்தை மாற்றுங்கள்

நான் வெகுநாள் கோட்டை விட்ட இடம் இது.

விடிந்ததும் ஜன்னலைத் திறந்து நல்ல காற்றை உள்ளே விடு என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? இங்கே சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், 90க்கும் மேல். மழையில்லாத நாளில் பிற்பகல் வாக்கில் 60 வரை இறங்கும். ஜன்னல் திறக்க ஏற்ற வேளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

ஏர்கான் ஓடிய அறை என்றால் விஷயம் இன்னும் மோசம். இரவு முழுக்க 22 டிகிரியில் ஓடவிட்டு, காலை ஆறு மணிக்கு நிறுத்தி, உடனே ஜன்னலைத் திறக்கிறீர்கள். சுவர், அலமாரிக் கதவு, மெத்தை எல்லாம் சில்லென்றிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று அவற்றில் பட்டதும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் முத்து முத்தாக வியர்க்குமே, அதே வியர்வை சுவரிலும் பூக்கும். பாட்டில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அலமாரிக்குப் பின்னாலுள்ள சுவர் காயாது. அங்கேதான் கரும்புள்ளி தொடங்கும்.

ஏர்கானை 25 டிகிரியில் வையுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கமும் அதைத்தான் சொல்கிறது; நமக்கு இது பூசணத்துக்கும் மருந்து. காலையில் ஏர்கானை நிறுத்தியதும் ஒரு மணி நேரம் ஃபேனை ஓட விடுங்கள், அறை மெல்லச் சூடேறட்டும், ஜன்னல் அப்புறம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். குளிரூட்டிய அறைக்கும் வெளிக்கூடத்துக்கும் பொதுவான சுவர் இருக்கிறதே, அதன் கூடத்துப் பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் பூசணம் அந்தப் பக்கம்தான் வருகிறது.

குளித்தாலும் சமைத்தாலும் துணி காயப்போட்டாலும் ஈரம் வீட்டுக்குள்தான் சேர்கிறது. குளியலறைக் கதவை மூடி, வெளிச்சுவர் ஜன்னலைத் திறந்து வையுங்கள். படுக்கையறைக்குள் துணிக்கொடி கட்டவே கட்டாதீர்கள். ஒரு ஈரப்போர்வை ராத்திரி முழுக்க அறைக்குள்ளே காய்ந்தால் அதிலிருந்த தண்ணீர் எங்கே போயிருக்கும்? உங்கள் தலையணைக்குத்தான்.

ஈரப்பதம் நீக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏர்கானில் "டிரை" பொத்தான் இருக்கும், முதலில் அதை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். போதாவிட்டால் வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இயந்திரத்தை ஓட்டுவது கடலை வாளியால் இறைப்பது போல.

படி 3: படுக்கை

ஒரே ஒரு வேலைக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். நம் தோல் செதிலும் வியர்வையும் அதிகம் சேர்வது படுக்கையில்தான், பூச்சியும் அங்கேதான் குடியிருக்கிறது.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெருமளவு கரைந்து போகும். பூச்சி மட்டும் குளித்துவிட்டு உயிரோடு திரும்பி வரும். முன்பக்கம் கதவுள்ள இயந்திரத்தில் 60 டிகிரி பொத்தான் இருக்கும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் மேலே மூடி திறக்கும் இயந்திரம்தான், அதில் பச்சைத் தண்ணீர் மட்டுமே வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, வாளி வழி. நன்றாகக் கொதித்த தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் 60ஐ ஒட்டி வரும். துணி கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் கொதிநீர் ஒரு கை கூடுதலாக இருக்கட்டும். சமையல் வெப்பமானி இருந்தால் விட்டுப் பாருங்கள். விரிப்பை அமுக்கி, வாளியை மூடி இருபது நிமிடம் ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் போட்டு வழக்கம்போல் துவையுங்கள். குழந்தைகள் தூங்கியபின் செய்யும் வேலை இது. கொதிநீர் வாளியை நடமாட்டத்தில் வைக்காதீர்கள்.

இரண்டு, அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் காசு போட்டுத் துவைக்கும் கடைகள். வீட்டில் துவைத்துவிட்டு அங்கே சூடான டிரையரில் அரை மணி நேரம் போட்டால் போதும், அந்தச் சூட்டில் பூச்சி பிழைக்காது. மழை விடாத வாரத்தில் இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. துவைத்த துணியை இயந்திரத்துக்குள்ளேயே மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்களா? மாலையில் எடுத்து உதறினால் ஈரவாடை அடிக்கும். வாசனைத் திரவத்தை ஊற்றி அதை மறைக்காதீர்கள், திரும்பத் துவையுங்கள்.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து ஆறு பக்கமும் மூடும் தூசிப்பூச்சித் தடுப்பு உறை வாங்குங்கள். மேலே மட்டும் விரித்து எலாஸ்டிக் மாட்டும் உறை இதற்கு உதவாது. ஆனால் உறையை மாட்டிவிட்டு வேறு எதுவும் செய்யாமலிருந்தால் பெரிதாகப் பலன் இல்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. விரிப்புத் துவைப்பது, ஈரம் குறைப்பது எல்லாம் சேர்ந்தால்தான் பிடி கிடைக்கும்.

எழுந்தவுடன் படுக்கையை மடித்து மூடாதீர்கள். போர்வையைக் கால்மாட்டில் ஒதுக்கிவிட்டு, இரவு வியர்வை காயும்வரை அப்படியே விடுங்கள். வாழ்க்கையில் சோம்பேறித்தனத்துக்கு மருத்துவக் காரணம் கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

ஊரிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை, தலையணை கொண்டுவந்தவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. அங்கே மொட்டை மாடி வெயில் அதைக் காப்பாற்றியது. வீவக (எச்டிபி) எனப்படும் அரசாங்க அடுக்குமாடியில் மொட்டை மாடி உங்களுடையது இல்லை. ஜன்னல் விளிம்பிலோ தாழ்வாரச் சுவரிலோ மெத்தையைத் தொங்கவிடுவது கீழே போகிறவர் தலைக்கு ஆபத்து. வெந்நீரில் துவைக்கக்கூடிய தலையணைக்கு மாறிவிடுங்கள். கோரைப்பாயில் படுக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள், துடைத்துக் காயவைத்தால் வேலை முடிந்தது. பாயைச் சுவரோரம் சுருட்டி நிறுத்தாமல் விரித்துக் காய விடுங்கள், பாய்க்கும் பூசணம் பிடிக்கும்.

குழந்தையின் பொம்மைகள்: துவைக்க முடியாததை நெகிழிப் பையில் கட்டி ஃப்ரீஸருக்குள் ஒரு நாள் முழுக்க வையுங்கள். குளிரில் பூச்சி சாகும். எச்சம் அப்படியே இருக்கும், ஆகவே எடுத்தபின் உதறி அலச வேண்டும். மகனின் யானைப் பொம்மை எங்கள் ஃப்ரீஸரில் மீன் பொட்டலத்துக்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவே தும்பிக்கையை நீட்டிக்கொண்டு கிடக்கும். அவன் அதற்கு மஃப்ளர் சுற்றித்தான் உள்ளே அனுப்புவான்.

படி 4: ஏர்கானும் ஃபேனும்

ஏர்கானின் முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர் தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீரை அடியுங்கள். நிழலில் முழுக்கக் காய்ந்தபின்தான் மாட்ட வேண்டும். உள்ளே கையடக்க டார்ச் அடித்துப் பாருங்கள்: உருளை விசிறியின் இறக்கைகளில் மிளகுத்தூள் தூவியது போல் கருப்பாக இருந்தால் அது பூசணம், ஃபில்டரைக் கழுவி அது போகாது. இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து சர்வீஸ் செய்வது வழக்கம். வாடகை ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஃபில்டரை மட்டும் அலசிவிட்டு ரசீதை நீட்டினார். அப்போதிலிருந்து டார்ச்சோடு பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.

ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறை போதும். ஈரமாக்கி இறக்கைமேல் நுழைத்து, இரு கையாலும் அமுக்கி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், மெத்தையில் கொட்டாது.

படி 5: பூசணம்

குளியலறை ஓட்டின் இடுக்கில் கருப்பு வந்தால், ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் விட்டு, தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆஸ்துமா உள்ளவர் அந்தப் பக்கமே வரவேண்டாம். கழுவியபின் துடைத்துக் காயவைப்பதுதான் பாதி வேலை. குளித்து முடித்ததும் சுவர்த் தண்ணீரை ரப்பர் வழிப்பானால் இழுத்துவிட்டால் பிளீச் எடுக்கும் அவசியமே குறைந்துபோகும்.

பிளீச்சோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். முதல் வருடம் கழிப்பறைக்கு ஆசிட் கிளீனர் ஊற்றிவிட்டு, இன்னும் வெள்ளையாகட்டும் என்று மேலேயே பிளீச்சையும் ஊற்றினேன். கிளம்பியது குளோரின் வாயு. கண்ணும் தொண்டையும் எரிய, வெளித் தாழ்வாரத்துக்கு ஓடி அரை மணி நேரம் இருமினேன். வினிகரும் அமிலம்தான், அதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

வண்ணம் பூசிய சுவரில் பூசணத்தைக் காய்ந்த துணியாலோ துடைப்பத்தாலோ தட்டாதீர்கள், வித்து அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, ஃபேனைத் திருப்பி வைத்துக் காய விடுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் சுவருக்குள் கசிவு இருக்கலாம். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

அலமாரிக்கு தர்ஸ்டி ஹிப்போ போன்ற ஈரம் உறிஞ்சும் டப்பா எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் இருக்கிறது. உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராகிவிடும்; நிரம்பியதும் மாற்றுங்கள், தோல்மேலும் துணிமேலும் சிந்த விடாதீர்கள். பட்டுப்புடவையை நெகிழிப் பையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். வீட்டுக்குள் போர்க்காலப் பதுங்கறையாகக் கட்டித் தரும் பாதுகாப்பறையைப் பொருள் வைக்கும் அறையாக்கியிருப்பவர்கள் அதில் துணிமூட்டையும் அட்டைப்பெட்டியும் அடைக்க வேண்டாம்; கனத்த கதவு மூடியே கிடந்தால் அங்கே காற்றே ஆடாது.

பாச்சை உருண்டையை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள். நாப்தலீன் உருண்டை ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்ததுமே இந்தக் குறைபாட்டுக்குச் சோதனை செய்கிறார்கள், அவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 6: தரை

துடைப்பத்தை விட்டுவிடுங்கள். பெருக்கும்போது எழும்பும் தூசி கொஞ்ச நேரம் மூக்கு உயரத்தில் மிதக்கும். ஈரத்துணி மாப் போட்டுத் துடைத்து, ஃபேன் போட்டுக் காய விடுங்கள். வேக்கம் கிளீனர் வாங்கினால் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக வாங்குங்கள். அது இல்லாதது பின்பக்கமாகத் தூசியை ஊதித் தள்ளும். ஒவ்வாமை உள்ளவர் அந்த நேரம் கீழே போய் ஒரு தே ஓ (பாலில்லாத டீ) குடித்துவிட்டு வரட்டும். கார்பெட் வேண்டாம், கனத்த திரைச்சீலையும் வேண்டாம்.

படி 7: அடுக்களை

கரப்பானின் எச்சமும் ஒவ்வாமைதான், ஆஸ்துமாவுக்கு நேரடி எதிரி. ஸ்ப்ரே அடிப்பதைவிட, கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்து நல்லது: அலமாரிக் கீல், ஃபிரிட்ஜின் பின்புறம், சிங்க்கின் அடிப்புறம் என்று மிளகளவு வையுங்கள். இரவு படுக்குமுன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள், பட்டினியைவிடத் தாகம் அதைச் சீக்கிரம் விரட்டும். பழைய புளோக்குகளில் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். குப்பையைக் கட்டிப் போட்டு மூடியை இறுக்கிச் சாத்துங்கள். அதிகம் பயன்படுத்தாத குளியலறையின் தரை வடிகாலில் தண்ணீர் வற்றினால் அது கரப்பானுக்கு வாசல். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

மாவு பற்றி யாரும் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். கோதுமை மாவு, ரவை, கடலை மாவுப் பாக்கெட்டைப் பிரித்து அலமாரியில் வாரக்கணக்கில் வைத்தால் அதிலும் பூச்சி பெருகும். தூசிப்பூச்சி ஒவ்வாமை கடுமையாக உள்ள சிலருக்கு அந்த மாவில் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சே அடைத்திருக்கிறது. வெப்பமண்டல நாடுகளில் பதிவான விஷயம் இது. வேகவைத்தாலும் அந்த ஒவ்வாமைப் பொருள் போகாது. முஸ்தபா கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பத்துக் கிலோ தூக்கி வராதீர்கள். சின்னப் பாக்கெட், காற்றுப் புகாத டப்பா, ஃபிரிட்ஜ்.

சாம்பிராணியும் புகைமூட்டமும்

வெள்ளிக்கிழமை சாம்பிராணி என் வீட்டிலும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு போடும் புகை ஆஸ்துமாக்காரரை அன்றிரவே இருமவைக்கும். பிள்ளை வெளியே விளையாடும்போது, ஜன்னலைத் திறந்து, கொஞ்சமாகக் காட்டி முடித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் புகைமூட்டம் வரும். 2013 ஜூனில் காற்றுத்தரக் குறியீடு 400ஐத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் மேலே சொன்ன ஜன்னல் கணக்கெல்லாம் ரத்து. மூடி வைத்துக் காற்றுச் சுத்திகரிப்பானை ஓட்டுங்கள். அந்தக் கருவி புகைக்கும் பூனை ரோமத்துக்கும் உதவும். தூசிப்பூச்சியின் எச்சம் கனமானது, சீக்கிரமே கீழே படிந்துவிடும், அதனால் அந்த விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

அறை பார்க்கப் போகும்போது

இன்னும் வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் முன்பணம் கொடுக்குமுன் நான்கு இடங்களைப் பாருங்கள்: அலமாரியின் பின்புறம், ஏர்கானின் வாய், குளியலறைக் கூரை, மெத்தையின் அடிப்பக்கம். அறைக்குள் நுழைந்ததும் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். மெத்தையைப் புரட்டச் சொன்னால் முகம் சுளிப்பார்களோ என்று நானும் முதல்முறை கூச்சப்பட்டேன். இரண்டாவது வீட்டில் கேட்டேவிட்டேன். வீட்டுக்கார அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்லயும் யாருக்காவது தும்மலா?" என்று கேட்டு, மறுமுனையைத் தானே தூக்கிப் பிடித்தார்.